துண்டுச்சீட்டு வழக்கறிஞர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தில், "கடுங்குற்றம் சாட்டப்பட்ட ராணுவ வீரர்களுக்காக வழக்கறிஞர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவது சீருடைக்கே இழுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். ராணுவச் சட்டம் தங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும் என்பதால், எந்த வழக்கறிஞர் எங்கே வரிந்துகட்டினார் என்பதை மட்டும் கேட்க விரும்புகிறேன்.

சம்மரி கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவத்தின் சுருக்க விசாரணை மன்றத்தில், படைப்பிரிவின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் ஒருவரே மன்றம். உடன் அமரும் இருவருக்குத் தீர்ப்பில் பங்கில்லை. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 129ஆம் விதிப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ மன்றத்திடம் பேசவோ கூடாது. ஹவில்தார் கிளார்க்காக இருந்த காலத்தில் அப்படியொரு விசாரணையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்டோரில் சரக்குக் களவு என்பது குற்றச்சாட்டு. வழக்கறிஞர் துண்டுச்சீட்டில் கேள்வியை எழுதி நகர்த்துவார்; மேலதிகாரிகளை நிமிர்ந்து பார்த்தே பழகாத அந்தச் சிப்பாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, தன்னுடைய சுபேதாரையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சுபேதார் ஒரு முறை முறைத்ததும் மீதிச் சீட்டுகள் அப்படியே மேசையில் கிடந்தன. இத்தகைய மன்றம் ஓராண்டு வரை சிறையும் பணிநீக்கமும் விதிக்கலாம். பெரிய கோர்ட் மார்ஷல்களில் வழக்கறிஞர் வாய் திறக்கலாம் என்பது உண்மைதான். அவருக்குக் கட்டணம் கொடுக்கச் சிப்பாயால் முடியுமா என்பது வேறு கதை.

ராணுவ வீரர் ரஞ்சித் தாக்கூரின் வழக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. எந்த அதிகாரியின்மீது அவர் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாரோ அந்த அதிகாரியே மன்றத்தில் அமர, உணவு உண்ண மறுத்ததற்காக ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் கிடைத்தன. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. கோர்ட் மார்ஷல் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு வழியே இல்லாத குறையை 1982இலேயே அந்த நீதிமன்றம் சுட்டிக்காட்டியும், அத்தகைய மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம் 2007இல்தான் வந்தது. சீருடைக்கு இழுக்கு எதுவென்று தாங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ராணுவ தினத்தன்று பக்கம் பக்கமாக வீரவணக்கம் செலுத்தும் தங்கள் இதழ், கைதான வீரரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, அவர் விடுதலையான செய்தியை வரி விளம்பரங்களுக்கு அடியில் ஒளித்துவைக்கும். இதுபற்றிச் சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வெளிவரவில்லை என்றார்கள். அந்த இதழில் ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருந்தது. குற்றம் நிரூபணமானால் தண்டியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு முன்பே வாதாட வருபவரையும் சேர்த்துத் தூற்றுவது எந்த ஊர் நியாயம்?

அந்த வரியைத் திரும்பப் பெறத் தங்களுக்கு மனம் வராவிட்டால், 129ஆம் விதியையாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்