டெடம் பள்ளத்தாக்கை நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் டெடம் பள்ளத்தாக்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. ஃபிளாட்ஃபோர்டில் காரை நிறுத்தி, ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த வீட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம், அரை மணி நேரம் போதும் என்கிறார் கட்டுரையாளர். அரை மணியில் அந்த வீட்டைப் பார்க்கலாம், சரி. பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாது.

காரே வேண்டாம். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ. அங்கிருந்து ஸ்டூர் ஆற்றோரமாக ஃபிளாட்ஃபோர்ட், அப்புறம் புல்வெளிகள் வழியே டெடம், திரும்பும்போது ஆற்றை விட்டு விலகி லாஃபோர்ட் பக்கமாக நிலையத்துக்கே வந்துவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. நிதானமாக நடந்தால் அரை நாள்.

கான்ஸ்டபிள் 1776-இல் பக்கத்து ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் பிறந்தவர். ஃபிளாட்ஃபோர்ட் மாவு ஆலையை நடத்தியவர் அவருடைய அப்பா. ஆலை மாவு படகில்தான் போகும்; படகைக் கரையிலிருந்து குதிரை இழுக்கும். பாதை ஓரிடத்தில் அக்கரைக்கு மாறிவிட்டால், குதிரையையே படகில் ஏற்றிக் கடத்துவார்கள். கான்ஸ்டபிளின் 'வெள்ளைக் குதிரை' (1819) ஓவியம் காட்டுவது அதைத்தான். மாடுகள் வயல் தாண்டிப் போகாமலிருக்கப் பாதைக்குக் குறுக்கே மரத்தடுப்பு வைத்திருந்தார்கள்; இழுவைக் குதிரைகள் அதைத் தாண்டிக் குதிக்கப் பழகியிருந்தன. 1825-இல் அதையும் வரைந்தார். அந்த ஆற்றங்கரையில்தான் நாம் நடக்கிறோம். காரில் வந்து போகிறவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்று. "வயல்கள் தனியாருடையவை, இறங்காதீர்கள்" என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. வயல் தனியாருடையதுதான், ஆனால் அதன் குறுக்கே போகும் பொதுப்பாதையில் நடக்க எவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. பாதையோடு சேர்த்து நிலத்தை உழுதாலும், வழக்கமாக 14 நாளுக்குள் விவசாயி அதைச் சரிசெய்து தர வேண்டும். கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடைபாதை. திறந்த படலை மூடிவிட்டு, கன்றோடு நிற்கும் பசுவை விட்டு ஒதுங்கிப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மழைக்காலத்தில் மட்டும் கரையோரப் புல்வெளி சேறாகிவிடும். நல்ல பூட்ஸ் வேண்டும்.

அடுத்த முறை இந்தப் பக்கம் எழுதினால், வீட்டின் படத்தோடு நடைபாதை வரைபடம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்