சனிக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள்: பல்கலைக்கழக நூலகக் குழுவிற்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கடந்த ஆகஸ்ட் 12 அன்று காலை பத்தேகால் மணிக்கு நம் நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பகுதிநேர ஆய்வாளர் நான். பல்கலைக்கழகத்தின் பெயரை இம்மடலில் எங்கும் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது தெரியும்; பிறருக்குத் தெரிய வேண்டாம் என்பது, முதுகலை படித்த இடத்துக்கு நான் செலுத்தும் மரியாதை. பிப்ரவரியிலும் ஜூனிலும் நான் அனுப்பிய கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கும் என்பதால் முன்கதையை விரிக்காமல் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சனிக்கிழமைகளில் மாலை வரை நூலகத்தை, அரிய நூல் அறையையும் சேர்த்து, திறந்து வையுங்கள்.

ஆகஸ்ட் 12 நூலகர் நாள். சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளாக நாடெங்கும் நூலகங்கள் கொண்டாடும் நாள். எனக்கோ அது ஒரு வேலைநாள் மட்டுமே. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் எனக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. அதில் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, விடிகாலை ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்து, இரண்டு ஊர்களில் மாறி ஏறி வந்து சேர்ந்தேன். நூலக வாசலில் இரண்டு வாழைமரங்கள் கட்டியிருந்தார்கள். ரங்கநாதன் படம் போட்ட பதாகை தொங்கியது. நூலகங்களுக்காக அவர் வகுத்த ஐந்து விதிகளில் 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்ற முதல் விதியைச் சிவப்பெழுத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே, கண்ணாடியின் உட்புறத்தில், நான்கு மூலையிலும் செல்லோடேப் ஒட்டிய ஒரு ஏ4 தாள்: 'நூலகர் நாள் விழாவை முன்னிட்டு இன்று வாசகர் சேவை இல்லை.'

அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். உள்ளே நாளிதழ்ப் பகுதியில் மேசைகளை ஓரந்தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இளங்கலை மாணவர்களுக்கு வினாடி வினா நடந்துகொண்டிருந்தது. காவலாளி அண்ணன் என்னை அறிந்தவர். "இன்னைக்கு ஃபங்ஷன் டீச்சர், படிக்க வர்றவங்களை மட்டும் உள்ள விட வேண்டாம்னு ஆர்டர்" என்றார். அந்த 'மட்டும்' அவர் யோசித்துச் சொன்ன சொல்லாக இருக்காது. என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, சிற்றுண்டிக்கான டோக்கன் ஒன்றை நீட்டினார். வாகை மரத்தடித் திண்டில் உட்கார்ந்து, ரங்கநாதன் பெயரால் கிடைத்த கேசரியைத் தின்றுவிட்டு, பதினொன்றரைப் பேருந்தில் ஊர் திரும்பினேன். அவருடைய நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. வினாடி வினாவில் அதையும் கேட்டிருப்பார்கள்.

விழா முந்தின நாள்தான் திடீரென்று முடிவானதா என்று பிறகு விசாரித்தேன். அழைப்பிதழ் அச்சாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நூலகத்தின் செய்திப் பக்கத்தில் விழாவின் நிகழ்ச்சிநிரல், சிறப்பு விருந்தினரின் படம், மின்சான்றிதழ் பெறும் முறை எல்லாம் இருந்தன. அன்று நூலகம் இயங்காது என்ற ஒரு வரியைத்தான் காணோம். பொதுவாகவே அந்தப் பக்கத்தில் குத்துவிளக்குகளும் பொன்னாடைகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. எந்த அறை எப்போது பூட்டியிருக்கும் என்பது செய்தியாகக் கருதப்படுவதில்லை.

நான் தேடி வந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876-78 பஞ்சத்தைத் தமிழ்க் கிறித்தவ இதழ்கள் எப்படிப் பதிவு செய்தன என்பது என் ஆய்வு. அதற்கு உயிர்நாடியாக இருப்பது மிஷன் இதழொன்றின் 1877-ஆம் ஆண்டுத் தொகுதி. கோடை விடுமுறையில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உட்பட மூன்று இடங்களில் தேடிவிட்டேன். வேறு இதழ்கள் கிடைத்தன, அது கிடைக்கவில்லை. உங்கள் கணினிப் பட்டியலில் அதற்கு நேராக 'கிடைக்கும்' என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. அதைக் கிடைக்கச் செய்ய வேண்டிய அரிய நூல் அறையோ வார நாட்களில் மட்டும் திறக்கும், அதுவும் பொறுப்பாளர் வந்தால். சாவி ஒன்றுதான், ஜூன் மாதம் நான் வந்தபோது அது அவருடன் விடுப்பில் போயிருந்தது. மின்னாக்கம் செய்த கோப்பையாவது பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், ஆனால் கோப்புகள் உள்ள கணினி அந்த அறைக்குள்ளே இருக்கிறது என்றார்கள்.

உரோமாபுரியில் சிறைப்பட்டிருந்த பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், துரோவா பட்டணத்துக் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும், வரும்போது எடுத்துவரச் சொல்கிறார். கார்ப்பு விடுப்பில் இருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது என்று தீமோத்தேயு பதில் எழுதியதாக வேதாகமத்தில் இல்லை.

அத்தொகுதியை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அது எப்படி வாய்த்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் குழு வந்திருந்த வாரம் அது. பகுதிநேர ஆய்வாளர்கள் அனைவரும் சனிக்கிழமை காலை முதல் நூலக இருக்கைகளில் அமர்ந்திருக்க வேண்டும் என்று துறையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். வந்தேன். அரிய நூல் அறையின் இரு கதவுகளும் திறந்திருந்தன, குளிர்சாதனம் ஓடியது, சாளரத்தில் பூந்தொட்டிகள் இருந்தன, எட்டு மணி வரை நூலகம் இயங்கும் என்று பலகை சொன்னது. கேட்ட பத்து நிமிடத்தில் தொகுதி மேசைக்கு வந்தது. நிறம் மங்கிய காலிகோ துணி அட்டை. உள்ளே தாள் பழுத்து, விளிம்பைத் தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. உதிர்ந்த துணுக்குகளை ஒரு உறையில் போட்டு நூலக உதவியாளரிடம் ஒப்படைத்தேன். பஞ்ச காலத்தில் விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அதில் இருந்தது: பெயர், ஊர், வந்த நாள். சிலருக்கு ஊர் இல்லை, 'சாலையில் கண்டது' என்று மட்டும் இருந்தது. முப்பத்தேழாம் பெயர் வரை கையால் எழுதினேன். குழு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்ததும், அறையைப் பூட்ட வேண்டும் என்றார்கள். மணி இரண்டே முக்கால். எட்டு மணிப் பலகை இன்னும் அங்கேதான் இருந்தது.

ஆகவே சனிக்கிழமை நூலகத்தைத் திறப்பது நடக்காத காரியம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நடந்ததை நானே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது ஆராதனை நாள், எனக்கும்தான். வார நாட்களில் ஒன்பது முதல் நாலரை வரை என்பது வேலைபார்க்கும் எவருக்கும் எட்டாத நேரம். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை, மற்ற சனிக்கிழமைகளில் பன்னிரண்டரை வரை இரவல் மேசை மட்டும். நூலகப் பயிற்சி நிகழ்ச்சிகளும் அப்படியே. ஆய்வேட்டில் பிறர் எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு அதை அனுப்பும் முறை குறித்த பயிலரங்கைப் பகுதிநேர ஆய்வாளர்களுக்கென்றே அறிவித்து, புதன்கிழமை பதினொரு மணிக்கு நடத்தினீர்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். மின்னிதழ்த் தளங்களும் வளாக இணைப்பில் மட்டுமே திறக்கின்றன. நூலகக் கட்டணத்தை மட்டும் எந்த ஊரிலிருந்தும், எந்த நாளிலும், நள்ளிரவிலும் செலுத்த முடிகிறது.

நூலகப் பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்பாமல், ஒப்பந்த ஊழியர் இருவரை வைத்துக்கொண்டு மூன்று தளங்களையும் நடத்தச் சொன்னால் அவர்கள்தாம் என்ன செய்வார்கள்? பழைய தாள் நொறுங்கும், அதைக் கண்டவரெல்லாம் புரட்டக் கூடாது என்ற அக்கறையும் எனக்கு உண்டு. மூலத்தைத் தராமல் கோப்பைக் காட்டினாலும் போதும். ஆனால் பாதுகாப்பது என்றால் பூட்டுவது என்று பொருள்கொண்டால், இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டிவைத்த காலத்துக்கே திரும்பிவிடுவோம். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலில் முதல் விதியை விளக்கத் தொடங்குவதே அந்தச் சங்கிலிகளிலிருந்துதான். அதே அத்தியாயத்தில்தான் நூலகம் திறந்திருக்க வேண்டிய நேரத்தைப் பற்றியும் பேசுகிறார். பதாகைக்கு வாசகம் எடுத்தவர்கள் இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருக்கலாம்.

ரங்கநாதன் பிறந்த சீர்காழி இருக்கும் அதே மாவட்டத்தில்தான் தரங்கம்பாடியும் இருக்கிறது. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, இரண்டே ஆண்டுகளில், 1708-இல், அவற்றுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறியதும் அங்கேதான். நம் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு ஆண்டுமலரிலும் இந்த மரபைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் பஞ்சத்தில் சாலையோரம் கிடந்த பிள்ளைகளின் பெயர்களை ஒருவர் எழுதிவைத்து அச்சிட்டதும் அந்த மரபில் சேர்த்திதானே? அந்தப் பெயர்களை இன்று ஒருவர் படிக்க அறுபது பைசா விலைகூட இல்லாத ஒரு சாவி குறுக்கே நிற்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்போடும் பணிவோடும் மீண்டும் கேட்கிறேன். எல்லாச் சனிக்கிழமையும் முடியாதென்றால் மாதத்தில் இரண்டு. மாலை ஆறு வரை முடியாதென்றால் நான்கு வரை. ஆனால் அரிய நூல் அறை திறந்திருக்க வேண்டும், சாவிக்கு இன்னொரு பிரதி வேண்டும், மூடுகிற நாளை ஒரு வாரம் முன்னதாகச் செய்திப் பக்கத்தில் போட வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடமோ திறப்பு விழாவோ தேவையில்லை.

இந்த ஆண்டில் எனக்கு மீதியிருப்பது இரண்டு நாள் தற்செயல் விடுப்பு. அவற்றை வீட்டுக் காரியங்களுக்கு வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். முப்பத்தெட்டாம் பெயரிலிருந்து தொடர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை