செயலாளர் ஆண்டறிக்கை 2023–2024: பெட்டி மாமாவுக்கு ஒரு பின்னேரம்

தலைவர் அண்ணைக்கும், நிர்வாகக் குழுவுக்கும், ஏப்ரல் பிறந்தும் விடாத இந்தக் குளிருக்குள்ள வந்து இருக்கிற அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விசயங்களை முதல்ல சுருக்கமாச் சொல்லிப்போடுறன். மாதம் ஒருக்கா நிர்வாகக் கூட்டம் நடந்தது, ரெண்டு மாதம் மட்டும் பனி கொட்டினதால போனிலயே கதைச்சு முடிச்சம். கோடை ஒன்றுகூடல் மழைக்குள்ள நடந்தது, எண்டாலும் கொத்துரொட்டி மிஞ்சேல்ல. தைப்பொங்கலுக்குப் போன வருஷத்தைவிடச் சனம் கூட. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இன்னொரு ரீச்சர் தேவை, விருப்பமான ஆக்கள் கூட்டம் முடிய என்னட்ட வந்து சொல்லுங்கோ. கணக்கைப் பொருளாளர் அக்கா வாசிப்பா.

இனிச் சொல்லப்போறது நவம்பர் 19ம் திகதி ஞாயிறு பின்னேரம் மிஸ்ரர் டிரெஸ்ஸப் எண்ட ரீவி மனுசனுக்கு, எங்கட பெட்டி மாமாவுக்கு, நாங்கள் வைச்ச நினைவுக்கூட்டத்தைப் பற்றி. அதை ரெண்டு வரியில எழுதிப்போட்டுப் போக எனக்கு மனம் வரேல்ல. வந்தவைக்குத் தெரியும், வராதவைக்காகத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

எண்பதுகளில இங்க சின்னப் பிள்ளையா வந்து இறங்கின எங்களுக்கு மிஸ்ரர் டிரெஸ்ஸப் ஆரெண்டு சொல்லத் தேவையில்லை, மற்றவைக்குச் சொல்லுறன். எர்னி கூம்ப்ஸ் எண்டு ஒரு மனுசன், இங்க கனடாவில சி.பி.சி ரீவியில 1967 இல தொடங்கி 1996 வரைக்கும் சின்னப் பிள்ளையளுக்கு நிகழ்ச்சி செய்தவர், நாலாயிரத்துக்கு மேல எபிசோட். அவற்ற வீட்டில பூப்போட்ட சிவப்பு ட்ரங்குப் பெட்டி ஒண்டு இருக்கும், அதை ரிக்கிள் ட்ரங்க் எண்டு சொல்லுறது. அதைத் திறந்தா அண்டைக்கு என்ன வேசம் போடவேணுமோ அந்த உடுப்பு கிடைக்கும். வளவுக்குள்ள மரத்து வீடு, அதில கேசி எண்ட பிள்ளைப் பொம்மையும் ஃபின்னிகன் எண்ட நாய்ப் பொம்மையும். அந்த ரெண்டையும் ஆட்டினது ஜூடித் லோறன்ஸ் எண்ட அம்மா, 1990 இல அவ ஓய்வெடுக்கும் வரைக்கும். எங்கட அப்பார்ட்மென்ற்றில நாங்கள் அவரைக் கூப்பிட்டது பெட்டி மாமா எண்டு. ஆர் முதல்ல அப்பிடிக் கூப்பிட்டது எண்டு இப்ப ஆருக்கும் ஞாபகமில்லை, ஆனா அந்த மாடியில இருந்த தமிழ்ப் பிள்ளையள் அவ்வளவு பேருக்கும் அவர் பெட்டி மாமாதான்.

நிர்வாகக் கூட்டத்தில நான் இந்த யோசினையைச் சொன்ன நேரம் ஒரு ஐயா நேரடியாவே கேட்டார், தம்பி, எங்கட ஆக்கள் எத்தினை பேர் செத்துப்போச்சினம், அவைக்கு அழுது முடிக்கவே எங்களுக்கு ஒரு ஆயுள் காணாது, இதுக்குள்ள ரீவியில வந்த வெள்ளைக்காரனுக்கு ஏன் கூட்டம் எண்டு. அவர் கேட்டதில பிழையில்லை. அவற்ற வீட்டில நடந்தது எனக்குத் தெரியும். அண்டைக்கு எனக்கு உடன பதில் சொல்ல வரேல்ல, வீட்ட வந்து நெடுக யோசிச்சன், அந்தப் பதிலைத்தான் கூட்டத்தில கதைச்சனான், இங்கயும் எழுதுறன்.

நாங்கள் 87 இல வந்தனாங்கள், எனக்கு அஞ்சு வயசு. ரெண்டு அறை வீட்டில மூண்டு குடும்பம். அப்பா ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவ இரவு போய் விடியத்தான் வருவார், வந்து படுத்தா நாங்கள் சத்தம் போடக்கூடாது. அம்மா பக்ரறி வேலை. எங்களைப் பாக்கிறது மற்றக் குடும்பத்து அன்ரி, அவவுக்கும் கைக்குழந்தை. ஆரோ எறிஞ்சுபோட்டுப் போன ரீவி ஒண்டை அப்பா தூக்கிக்கொண்டு வந்து, அன்ரெனாவில வெள்ளீயத் தாள் சுத்தி வைச்சவர், அதில ஒழுங்கா எடுபட்டது அஞ்சாம் சனல், அது சி.பி.சி. அந்த வருஷம் ஒக்ரோபரில இந்தியன் ஆமிக்கும் இயக்கத்துக்கும் யாழ்ப்பாணத்தில சண்டை தொடங்கிச்சுது, ஊரோட தொடர்பே இல்லை, ஆரோ ஆரிட்டயோ கேட்ட செய்தி போனில வரும், வந்த உடன பெரியாக்கள் எல்லாம் குசினிக்குள்ள போய் கதவைச் சாத்திப்போட்டு அழுவினம். எங்களை ரீவிக்கு முன்னால இருத்திப்போட்டுத்தான் போவினம். அப்ப எங்களோட இருந்தது அந்த மனுசன். அவர் கத்தமாட்டார், அவசரப்படமாட்டார். ஒரு பேப்பரை வெட்டி ஒட்டுறதெண்டா அது ஒட்டி முடியும் வரைக்கும் எங்களோட இருந்து செய்வார். அந்த வீட்டில அந்த மாசம் நடுங்காத குரல் அது ஒண்டுதான்.

இன்னொண்டு, இது என்ர மனிசிக்குக்கூட நான் கனகாலம் சொல்லாத விசயம். ஃபின்னிகன் வாய் திறந்து கதைக்காது. எல்லாப் பொம்மையும் கதைக்கும், அது மட்டும் கதைக்காது, எண்டாலும் அது என்ன நினைக்குது எண்டு கேசிக்கும் பெட்டி மாமாவுக்கும் விளங்கும், ஆரும் அதைக் கதை கதை எண்டு நெருக்கினதில்லை. பள்ளிக்கூடத்தில நான் மாசக்கணக்கா ஒரு சொல்லுக்கூடக் கதைக்கேல்ல, இங்கிலீசு வராது, வந்த ரெண்டொரு சொல்லையும் சொல்லப் பயம். ரீச்சர் வீட்ட கடிதம் அனுப்பி, பிள்ளைக்குக் காது கேக்குதோ எண்டு சோதிக்கச் சொன்னவ. அப்ப நான் நினைச்சது, நான் ஃபின்னிகன் மாதிரி, எனக்குள்ள எல்லாம் இருக்கு, கேசி மாதிரி ஒரு ஆள் வந்தாக் காணும் எண்டு. நான் முதல் சொன்ன இங்கிலீசு வசனம் பெட்டி மாமா ரீவியில சொன்னதைக் கேட்டுச் சொன்னது, பக்கத்தில இருந்த பெடியனிட்டக் கத்தரிக்கோல் தா எண்டு கேட்டனான். கூட்டத்தில இதைச் சொன்ன நேரம் பின்வரிசையில இருந்த ரெண்டு அக்காமார் எழும்பித் தங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு சொன்னவை, அதை நான் எதிர்பாக்கேல்ல.

அவரும் வந்தேறி எண்டது எனக்கு வளர்ந்தாப் பிறகுதான் தெரியும். 1927 இல அமெரிக்காவில மெயின் மாநிலத்தில லூயிஸ்ரன் எண்ட ஊரில பிறந்தவர், 1963 இல பிரெட் றொஜர்ஸ் சி.பி.சியில நிகழ்ச்சி செய்ய ரொறன்ரோ வரேக்க அவரோட சேந்து வந்தவர். றொஜர்ஸ் திரும்பிப் போய் அங்க மிஸ்ரர் றொஜர்ஸ் எண்டு பேர் எடுத்தார், கூம்ப்ஸ் இங்கயே நிண்டிட்டார். கனேடியக் குடியுரிமை எடுத்தது 1994 இலதான். எங்கட அப்பா அம்மா சத்தியப்பிரமாணம் எடுத்ததும் அதே வருஷம். இதைக் கேட்டிட்டுத்தான் கேள்வி கேட்ட ஐயா, அட அவனும் எங்கள மாதிரியே எண்டு சொன்னவர்.

அவர் செத்த விதம்தான் எனக்கு இண்டைக்கும் ஆறாது. 2001 செப்ரெம்பர் 10ம் திகதி ஸ்ட்றோக் வந்து விழுந்தவர். அடுத்த நாள் நியூயோர்க்கில கோபுரங்கள் விழுந்தது. 18ம் திகதி ரொறன்ரோவில ஆஸ்பத்திரியில உயிர் போச்சுது, 73 வயசு. உலகம் முழுக்க அந்தப் புகையைப் பாத்துக்கொண்டு இருந்த கிழமை, ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்காரனுக்கு அழ ஆருக்கு நேரம். எனக்கு அப்ப 19 வயசு, நிறம் குறைஞ்ச ஆக்கள் பஸ்ஸில ஏறினாலே எல்லாரும் திரும்பிப் பாத்த நாட்கள் அது. நான் வீட்ட வந்து அம்மாட்டச் சொன்னன், மிஸ்ரர் டிரெஸ்ஸப் செத்திட்டார் எண்டு. அம்மா ஆர் அது எண்டு கேட்டவ. பெட்டி மாமா அம்மா எண்டன். அவ கரண்டியை வைச்சிட்டுக் கதிரையில இருந்திட்டா. அவவுக்கும் க்ளூ, ரேப், சிசர்ஸ் எல்லாம் படிப்பிச்சது அவர்தானே, நாங்கள் பாக்கேக்க லீவு நாளில பின்னால நிண்டு கேட்டுக் கேட்டுப் படிச்சவ. அந்த மனுசன்ர மனிசி எங்க எண்டு கேட்டா. 92 இல ரொறன்ரோவில நடைபாதையில போகேக்க கார் ஏறிச் செத்தவ எண்டு சொன்னன். அதுக்குப் பிறகும் அவர் நிகழ்ச்சியை விடாம இன்னும் நாலு வருஷம் செய்தவர், கடைசி எபிசோட் எடுத்தது 1996 பெப்ரவரி 14ம் திகதி. அம்மா விளக்குக் கொளுத்தினவ. எங்கட சாமியறையில வெள்ளைக்காரருக்கு எண்டு கொளுத்தின விளக்கு எனக்குத் தெரிய அது ஒண்டுதான்.

கூட்டத்தில அவரை மட்டும் நினைக்கேல்ல. எங்களுக்கு முந்தி வந்த ஆக்கள் பிரெண்ட்லி ஜயன்ற் எண்ட சி.பி.சி பிள்ளையள் நிகழ்ச்சியைப் பற்றிக் கதைச்சவை, அதைச் செய்தது பொப் ஹோம் எண்டவர், 1958 இலிருந்து 85 வரைக்கும், கோட்டைக்குள்ள நெருப்புக்குப் பக்கத்தில குட்டிக் கதிரைகளை எடுத்து வைச்சுப் பாக்கிற பிள்ளையளை இருக்கச் சொல்லுவார், 2000 மேயில செத்தவர். நான் வரமுந்தியே அது முடிஞ்சிட்டுது, ஆனா 83 கலவரத்தோட வந்த ஒரு அண்ணை அதில வாற ஆடுகதிரையில இருக்கிறது நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான், ஊரில எங்கட அப்பப்பான்ர சாய்மனைக் கதிரை எரிஞ்சு போச்சு எண்டு சொல்லிப்போட்டு, மேல கதைக்க ஏலாம இருந்திட்டார். பிள்ளையளுக்குப் பாட்டுப் பாடின ஷறன், லோயிஸ், பிறாம் எண்ட மூண்டு பேரில லோயிஸ் லிலியென்ஸ்ரைன் 2015 ஏப்ரலில போனவ, அவைன்ர ஸ்கின்னமறிங்க் பாட்டை எங்கட நாற்பது வயசுக்காரர் கையசைவோட பாட, அவைன்ர பிள்ளையள் வாய் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டதுகள். மிஸ்ரர் றொஜர்ஸ் 2003 பெப்ரவரியில செத்ததையும் ஒரு தங்கச்சி ஞாபகப்படுத்தினவ.

கூம்ப்ஸைப் பற்றின ஆவணப்படம் ஒண்டு 2023 செப்ரெம்பரில ரொறன்ரோ திரைப்பட விழாவில வந்து, பாத்த சனம் போடுற வாக்கில பரிசும் எடுத்தது. அதைச் சில பேர் வீட்டில பாத்திட்டு ஒருத்தருக்கொருத்தர் போன் எடுத்துக் கதைக்கப்போய்த்தான் இந்தக் கூட்டமே வந்தது. அவற்ற பிறந்தநாள் நவம்பர் 26, போன வருஷம் அது ஞாயிறிலயே வந்தது, அண்டைக்கு வைக்கத்தான் முதல்ல நினைச்சம். ஆனா அடுத்த நாள் மாவீரர் நாள், அந்தக் கிழமை வேற ஒண்டும் வேண்டாம் எண்டு பெரியாக்கள் சொல்ல ஒரு கிழமை முந்தி வைச்சம், அது சரியான முடிவு எண்டுதான் நான் இப்பவும் நினைக்கிறன். முதல் பேசின மண்டபம் கடைசி நேரத்தில இல்லை எண்டு சொல்லிச்சினம், குடுத்த அட்வான்ஸ் திரும்பி வர மூண்டு மாசம் எடுத்தது, கட்டிடத்துக் கீழ் அறையைத் துப்பரவாக்கி அதுக்குள்ளயே நடத்தினம், இடம் காணாமப் பிள்ளையள் நிலத்தில இருந்ததுகள்.

அண்டைக்குத் தலைவர் அண்ணை தன்ர தகப்பன் ஊரிலயிருந்து கொண்டு வந்த தகர ட்ரங்குப் பெட்டியைச் சிவப்புப் பெயின்ற் அடிச்சுக் கொண்டு வந்தார், மகள் அதில பூக் கீறியிருந்தா. அதுக்குள்ள நாங்கள் போட்டது பழைய சேலை, வேட்டி, மழைக் கோட்டு, ஒரு போஸ்ற்மன் தொப்பி, கலியாணத் தலைப்பாகை. பிள்ளையள் ஒவ்வொண்டா எடுத்து உடுத்திக்கொண்டு வந்து ஆர் தாங்கள் எண்டு சொல்லவேணும். ஒரு சின்னவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்து ஒண்டுமே சொல்லாம நிண்டான், ஒரு நிமிசத்துக்கு மேல. ஆரும் சொல்லு சொல்லு எண்டு கேக்கேல்ல. அவன்ர அம்மம்மாதான் எழும்பிப் போய்க் காதுக்குள்ள கேட்டு, இவர் வரப்போற பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறாராம் எண்டு எங்களுக்குச் சொன்னவ.

அந்தப் பெட்டி இப்ப தமிழ் வகுப்பு அறையில நிக்குது, வகுப்பு முடிஞ்சு கடைசி அரை மணித்தியாலம் பிள்ளையளுக்குத் திறந்து விடுறம். உடுப்புக் காணாது. வீட்டில பழைய சேலை, சால்வை, தொப்பி, வேலைக்குப் போட்ட யூனிபோம் ஏதும் இருந்தாத் தோய்ச்சுக் கொண்டு வந்து தாங்கோ, ஊசி கீசி குத்தியிருந்தாப் பாத்துக் கழட்டிப்போட்டுத் தாங்கோ. சப்பாத்து வேண்டாம், நிறையச் சேந்திட்டுது.

இப்படிக்கு,
செயலாளர்