சமையலறைப் புகை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் புது ஃபிளாட் வாங்குகிற பலர் சமையலறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதிலேயே சதுரமாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனையும் பதித்துவிடுகிறார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. அது இழுக்கிற புகை எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில், வத்தல் தாளித்தால் ஹாலில் இருப்பவர்கள் கமறி இருமுகிறார்களே என்று சீலிங்கைப் பிரித்துப் பார்த்தால், ஃபேனுக்குப் பின்னால் குழாயே இல்லை! அத்தனை புகையும் ஜிப்சம் பலகைக்கு மேலேயே சுற்றி, ஒயர்கள் மேல் பழுப்பாகப் பிசுக்குப் படிந்து, தொட்டால் விரல் ஒட்டுகிறது. பக்கத்திலேயே டேப் சுற்றிய ஒயர் ஜாயிண்ட் வேறு, ஒரு பொறி போதும். வேலை செய்தவரைக் கேட்டால் "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் போடறோம்" என்கிறார்.

மேல்தளம் வேறொருவர் வீடு, தளத்தைத் துளைக்க வழியில்லை. எனவே குழாயைப் பக்கவாட்டில் வெளிச்சுவருக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் முடிந்தவரை குட்டையாக, வளைவு குறைவாக. மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃப்ளெக்ஸிபிள் குழாயை நீளமாக விட்டால் காற்று அதிலேயே திணறும். சுவரில் மாட்டுகிற சாதா இறக்கை ஃபேனுக்கு நீளக் குழாயில் தள்ளுகிற தெம்பு கிடையாது, டக்ட் ஃபேன் என்றே கேட்டு வாங்க வேண்டும். குழாயின் வெளிமுனையில் ஷட்டர் இல்லாவிட்டால் மழையும் புறாவும் உள்ளே வரும்.

அளவுக்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். 8க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 800 கன அடி. மணிக்கு 15 முறையாவது அந்தக் காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 12,000 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 340 கன மீட்டர், பெட்டியில் போட்டிருக்கும் எண் இதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும், குழாயின் தடையில் அது குறைந்துவிடும். அப்புறம், எல்லா ஜன்னலையும் கதவையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் எதை இழுக்கும்? எதிர்ப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். சிலிண்டரில் வரும் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். மேலே இருக்கிற ஃபேன் அதை வெளியேற்றிவிடும் என்று நம்பி சுவிட்சைத் தட்டாதீர்கள், அந்தப் பொறியே பற்றவைத்துவிடும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறப்பதுதான் சரி.

இதெல்லாம் குடிவந்த பிறகு சுவரை உடைத்துச் செய்கிற வேலையாக இருக்கிறது. பில்டர்கள் வெளிச்சுவரில் மேலே கூரைத் தளத்தை ஒட்டி 6 அங்குலத்துக்கு ஒரு குழாய் வழியைக் கட்டும்போதே விட்டுவிடலாம், செலவு அற்பம். வரைபடத்திலேயே அதைக் காட்ட வேண்டும் என்று அனுமதி தருகிறவர்கள் கட்டாயப்படுத்தலாம்.

– ஒரு வாசகர், மேடவாக்கம்