விஸ்காம் படிக்கும் மகளுக்கு, குமரி மாவட்டம் கருங்கல் ஊரிலிருந்து

அன்பு மக்களே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் ஆள் நின்றது. நீயும் எடிட்டிங் லேபுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். மூன்றாம் வருஷ ப்ராஜெக்டுக்கு ஒக்கிப் புயலை எடுக்கப் போகிறாய், தூத்தூர்ப் பக்கம் வருவாய், அதற்குக் கேமரா வாங்க எழுபதாயிரம் வேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னாய். பணத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் முதல் வருஷ நோட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. போன வாரம் மழைக்கு வேலையில்லாமல் இருந்தபோது எடுத்து வாசித்தேன். லாஸ்வெல் என்ற அமெரிக்கர் 1948-ல் சொன்னது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாய்: யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு. ஓரத்தில் சிவப்பு மையில் ‘எக்ஸாமுக்கு வரும்’ என்று ஒரு குறிப்பு. வந்ததோ என்னவோ. அந்த ஐந்தில் ‘யாருக்கு’ என்ற ஒன்றை வைத்துத்தான் நான் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறேன்.

எனக்கு போர்டு எழுதச் சொல்லித்தந்த ஆசான் பிரஷைத் தொட லேசில் விடமாட்டார். கடைக்காரரிடம் பேசிவிட்டு, என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பி நிற்கச் சொல்வார். பிறகு பஸ் ஸ்டாப்பில், பிறகு வளைவில். ஒவ்வொரு இடத்திலும் “இங்க நிக்கிறவனுக்கு எது தெரியணும்?” என்று கேட்பார். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து என்பது அவர் கணக்கு. ஐம்பதடி தள்ளி நிற்கிறவன் சிரமப்படாமல் வாசிக்க ஐந்து அங்குலம் வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவனுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் நேரமில்லை. கடைப் பெயர் அவனுக்கு. ‘இங்கு எல்லாவித பம்புசெட் உதிரி பாகங்களும்’ என்ற சின்ன எழுத்து, ஏற்கனவே படியில் கால் வைத்தவனுக்கு. ஒரே பலகையில் இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறது, கவனித்தாயா?

களியக்காவிளையில் எழுதும்போது இன்னொன்றும் உண்டு. கேரளத்துப் பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்களைப் பார்த்து இருக்கும் பலகையில் மலையாளத்தை மேலே போடுவேன், மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தமிழை மேலே. கடை ஒன்றுதான், முதலாளி ஒருவர்தான். வயதானவர்கள் சிலர் இப்போதும் பழைய எழுத்துதான் வேண்டும் என்பார்கள். 1978-ல் அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்துக்கொண்டு போன ‘லை’ இருக்கிறதே, அது. கல்லறைப் பலகைக்கு அதைக் கேட்டால் நான் மறுப்பதில்லை. அதை வந்து வாசிக்கப் போகிறவர்கள் அந்த வீட்டார்தானே.

இதையெல்லாம் உங்கள் காலேஜில் டைப்போகிராபி, லேஅவுட், டார்கெட் ஆடியன்ஸ் என்று தனித்தனிப் பேப்பராகச் சொல்லித்தருகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அது ஒன்றாகவே வந்தது.

கன்னியாகுமரிக்கு நாம் போனபோது நீ வள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று போட்டோ கேட்டு அழுதாய், சின்னப் பிள்ளை. இனிமேல் போனால் வேறு மாதிரிப் பார். 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. செய்தவர் கணபதி ஸ்தபதி. மொத்தம் 133 அடி. கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்க்கிறவனுக்கு அந்த உயரமும், இடுப்பின் லேசான வளைவும், தூக்கிய மூன்று விரலும் போதும். ஆனால் பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் கணக்கு. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. இது எந்தப் படகுக்காரன் கண்ணுக்கும் தெரியாது. கிட்டே போய் நின்று, ஒருவர் சொல்லக் கேட்டால்தான் உண்டு. தூரத்தில் நிற்பவனுக்கு ஒன்று, பக்கத்தில் வந்தவனுக்கு ஒன்று. அவ்வளவு பெரிய கல்லிலும் அதே பலகை வேலைதான்.

சரி, ஒக்கிக்கு வருகிறேன்.

2017 நவம்பர் 30. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ரப்பரும் வாழையும் சாய்ந்ததும், கரண்டு இல்லாமல் கிணற்றில் கையால் தண்ணீர் இறைத்ததும் உனக்கு நினைவிருக்கும். நமக்கு விழுந்தது மரம். கடப்புறத்தில் விழுந்தது ஆள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிக்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடப்பவர்கள். புயல் எச்சரிக்கை கரையில் ஒலிபெருக்கியில் கேட்டபோது அவர்கள் எந்தச் சத்தமும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். உன் நோட்டில் தகவல் போகிற வழியைக் காட்ட ஷானன் என்பவர் போட்ட படத்தை வரைந்து, அனுப்புகிறவன், வாங்குகிறவன், நடுவில் இரைச்சல் என்று எழுதியிருக்கிறாயே. இங்கே இரைச்சல்கூட இல்லை. வழியே இல்லை. ஒரு தகவல் போய்ச் சேராததால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வாத்தியார் அமெரிக்க உதாரணம் தேட வேண்டியதில்லை.

டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள், சிஸ்டர்மார், சாமியார்மார். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்க, ரயிலை மறித்தால்தான் கேட்கும் என்ற நிலை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். படகுக்குப் பெயர் எழுதப் போய்ப் போய் அந்த ஊர்களில் எனக்குப் பழக்கம் உண்டு. வலது பக்கம் புனிதர் பெயர், பின்னால் பதிவு எண். திரும்பி வராத படகுகளில் நான் எழுதியவையும் உண்டு.

டிவிக்காரர்களும் வந்தார்கள். எல்லோரையும் குறை சொல்லமாட்டேன்; சிலர் அங்கேயே கிடந்து, நல்லபடியாகச் செய்தார்கள். ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் குருசடி நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம், இருபது வயதுதான் இருக்கும், மைக்கை வாய்க்கு நேராக நீட்டி “இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?” என்று ஒருவர் கேட்டார். அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. கேமராக்காரர் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். அந்தப் படம் எங்கெல்லாமோ ஓடியிருக்கும். அந்தக் கரையில் ஓடவில்லை, அங்கே கரண்டு கிடையாதே. தங்களைப் பற்றி என்ன காட்டினார்கள் என்று பார்க்க முடியாதவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

இதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் படம் யாருக்கு? இன்டர்னல் மார்க் போடுகிற சாருக்கா? சென்னையில் ஏதாவது குறும்பட விழாவில் ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கா? இரண்டுக்கும் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் படத்தில் வருகிற அந்த வீட்டுக்காரி அதை முதலில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு எடுத்துப் பார். பல ஷாட் தானாகவே விழுந்துவிடும். மேலிருந்து அலையைக் காட்டும் ட்ரோன் ஷாட் விழும். அவளுக்கு அலையைத் தெரியாதா? சோக வயலின் விழும். காலியான கட்டுமரத்தில் காக்கா உட்கார்ந்திருக்கும் ஷாட்டும் விழும். நீ அதை எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

முதல் தடவை போகும்போது கேமரா வேண்டாம். என்னோடு வா. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த வீடுகள் இரண்டு மூன்று உண்டு, சாப்பிடாமல் விடமாட்டார்கள். பேச்சு அங்கே தானாக வரும். புயலைப் பற்றி நீ கேட்காதே. அவர்கள் சொல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை என்று திரும்பி வா. எடுக்கச் சம்மதித்தால், இது காலேஜுக்கு, பிறகு யூடியூபில் போடுவேன், உலகம் முழுக்கப் பார்க்கலாம் என்று முழுக்கச் சொல்லு. காலேஜுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு யூடியூபில் போட்டால் நான் அந்தத் துறைமுகத்தில் முகம் காட்ட முடியாது. அழுத இடத்தை வைக்கலாமா என்று மறுபடி ஒரு நாள், அவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள். பெயரையும் ஊரையும் அவர்களையே உன் நோட்டில் எழுதித்தரச் சொல். சின்னத்துறை என்பதைச் சின்னத்துரை என்று அன்றைக்கு எத்தனை பேர் போட்டார்கள் தெரியுமா? எழுத்துக்காரன் மகள் அதைச் செய்யக் கூடாது.

நம்ம பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பார்த்திருக்கிறாய். புலவர் வீசுகோலால் வில்லில் அடித்துக் கதை சொல்வார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். நீ அவர் வாயைப் பார்த்திருப்பாய். அவர் கண்ணைப் பார்த்தாயா? அது எப்போதும் கூட்டத்தின் மேல்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தலைகள் சாயத் தொடங்கினால், கதையை அங்கேயே நிறுத்தி ஒரு நையாண்டி உள்ளே வரும். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கே. சினிமாவுக்கு முன்னால் வில்லுப்பாட்டில் தொடங்கியவர். சிரிக்க வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொன்னாரே, அந்தக் கை அங்கே கூட்டத்துக்கு முன்னால் பழகியது என்றுதான் நான் நினைக்கிறேன். எடிட்டிங் லேபில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ‘ஆமா’ போட ஆளில்லை. முதலில் வெட்டி ஒட்டுகிற அந்த ‘ரஃப் கட்’டைக் கடப்புறத்தில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டு. எந்த இடத்தில் அவர்கள் போனை எடுக்கிறார்கள் என்று பார்.

உன் மாமா போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார், “விஸ்காம் முடிச்சா கல்யாண வீடியோவா எடுக்கப் போறா?” என்று. அவருடைய இரண்டு பையன்களும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறார்கள், நான் எதுவும் சொல்லவில்லை. கல்யாண வீடியோ எடுத்தாலும் நல்லதுதான். மார்த்தாண்டத்தில் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். மேலே படிக்க வேண்டுமென்றால் டிசைனுக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) நுழைவுப் பரீட்சை எழுதலாம் என்றாய், புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்றும் சொன்னாய். எது வேண்டுமானாலும் எழுது, வயது இருக்கிறது.

கம்ப்யூட்டரே இப்போது போஸ்டர் போட்டுவிடுகிறது, நான் எதற்குக் கையால் வரைந்து படிக்க வேண்டும் என்று லீவில் வந்தபோது சலித்துக்கொண்டாய். ஃப்ளெக்ஸ் வந்தபோது எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். நின்றவர்கள் நிற்கிறோம். படகில் ஃப்ளெக்ஸ் ஒட்ட முடியாது. நீ காட்டிய அந்த ஏஐ போஸ்டர் வண்ணமெல்லாம் ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ‘திருவிழா’ என்பதை எந்த மொழியிலும் இல்லாத எழுத்தில் போட்டிருந்தது. நாளைக்கு அதைத் திருத்திவிடுவார்கள், அதை நம்பி இருக்காதே. ஆனால் இந்தப் போஸ்டர் எந்த மதிலில் ஒட்டப்படும், எதிரே டீக்கடையா பள்ளிக்கூடமா என்பதை அது கேட்கவில்லை. நீ கேட்கலாம்.

இப்போது பணம். கேமரா காலேஜில் வாடகை இல்லாமல் தருகிறார்கள் என்று நீயே சொன்னாய். அதை எடு. உன் கணக்கில் 15,000 ரூபாய் போட்டிருக்கிறேன், அது மைக்குக்கு. காலரில் குத்துகிற மைக், அதற்குமேல் போடுகிற அந்த ரோமத் தொப்பியோடு. நம்ம கடப்புறத்துக் காற்றில் அது இல்லாவிட்டால் உஸ் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. படம் கொஞ்சம் மங்கினாலும் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே. மணலும் உப்பும் உள்ளே போனால் காலேஜுக்கு நான்தான் அபராதம் கட்ட வேண்டும். காலை ஏழரைக்கு மேல் வெயில் மணலில் பட்டு முகத்தைக் கருக்கிவிடும், அதனால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டால் எந்த நாள் என்று சொல், நாகர்கோவிலுக்கு வண்டியோடு வருகிறேன். அம்மா முந்திரிக்கொத்து செய்யப் போகிறாளாம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொண்டுபோக வேண்டும், பெரிய பையாக எடுத்து வா.

படத்தின் பெயரைக் கம்ப்யூட்டர் எழுத்தில் போடாதே. பலகையில் எனாமலில் நான் எழுதித் தருகிறேன், நீ அதைப் படம் பிடித்துச் சேர்த்துக்கொள். படகுக்கு எழுதுகிற அதே எழுத்து, கடப்புறத்துக்காரர்களுக்குப் பார்த்ததும் தெரியும். தலைப்பை முடிவு செய்துவிட்டுச் சொல். எத்தனை எழுத்து என்று தெரியாமல் பலகை அறுக்க முடியாது. ஐந்தாறு எழுத்துக்குள் இருந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா