கொட்டேஷனில் இல்லாத கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆலை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் 'கவனக்குறைவு' என்ற சொல்லோடு முடிந்துவிடுகின்றன. பல ஊர்களில் 26 ஆண்டுகள் பாய்லர் பராமரிப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பணக்கணக்கையும் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 மே 7-ல் ஒரு பாய்லர் விபத்து. இரண்டு மாதம் ஆவதற்குள், ஜூலை 1-ல் இன்னொன்று. அன்றே 6 பேர் இறந்தார்கள். பிறகு மருத்துவமனையில் இன்னும் பலர். அங்கே ஒவ்வொரு பாய்லரும் 210 மெகாவாட்டுக்கானது. அந்த அளவுள்ள பாய்லரை எங்கே பழுதுபார்க்க ஒரு நாள் நிறுத்தினாலும் சுமார் 50 லட்சம் யூனிட் மின்சாரம் போய்விடும். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்றே வையுங்கள், ஒன்றரைக் கோடி.

உயிருக்கு? இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இல்லாத 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், 2025 நவம்பர் வரை இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் எவ்வளவு அதிகமாகச் சம்பளம் வாங்கியிருந்தாலும் 2020-ல் வைத்த 15,000 ரூபாய் மாதச் சம்பள உச்சவரம்புதான் கணக்காக இருந்தது. அதில் பாதியை, 30 வயதுக்கு அந்தச் சட்டம் வைத்திருந்த 207.98-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15 லட்சத்து 60 ஆயிரம். ஒரு நாள் ஷட்டவுனில் பத்தில் ஒரு பங்கு!

சரி, அபராதம்? பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் உயிர் போனால் குறைந்தது 25,000. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் குறைந்தது 5 லட்சம். கூடியது நல்லதுதான். ஆனால் அந்த ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் டெண்டர். யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே வேலை. இரும்பு விலையைக் குறைக்க முடியாது, வெல்டர் கூலியையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. கைவைக்க மிஞ்சுவது சாரமும் பாதுகாப்பு பெல்ட்டும்தான். ஓர் ஆலையில் என்னோடு வேலை பார்த்த தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். பெல்ட் போட்டிருந்தான், அதை மாட்ட மேலே கயிறு கட்டியிருக்கவில்லை. கேட்டதற்கு, "கொட்டேஷன்ல அது இல்லப்பா" என்றார் சூப்பர்வைசர். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தவனை அவன் மனைவிதான் இட்லி சுட்டு விற்றுக் காப்பாற்றினாள். அந்தச் செலவு எந்த ஆலையின் ஏட்டிலும் ஏறவில்லை.

டெண்டரில் பாதுகாப்புச் செலவைத் தனியாகப் பிரித்து, இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்துவிட வேண்டும். அதில் யாரும் குறைத்துக் கேட்க முடியாதபடி செய்ய வேண்டும். சாரத்தையும் கயிற்றையும் நேரில் பார்த்த பிறகே அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். அரசு மின் நிலையங்கள் அடுத்த டெண்டரிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்,
விழுப்புரம்.