“தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க”: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம். தலைவலி மாத்திரை கேட்டு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மாசம் எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?”

நாள் கணக்குதான் முக்கியம். ஒரே நாளில் மூன்று விழுங்கியிருந்தாலும் அது ஒரு நாள்தான். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி தனி மருந்துக்கு மாதம் 15 நாள் எல்லை. மைக்ரேனுக்கான எர்கோட்டமைன், டிரிப்டான், கடும் வலிக்கான டிரமடால், பல மருந்து சேர்ந்த கூட்டு வலி மாத்திரை என்றால் 10 நாள்தான். மூன்று மாதத்துக்கு மேல் இந்த எல்லையைத் தாண்டிப் போனால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மூட்டுவலிக்குத் தினமும் மாத்திரை போடுபவருக்குப் பொதுவாக இப்படி ஆவதில்லை. ஏற்கெனவே மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எர்கோட்டமைன் 1 மி.கி., காஃபீன் 100, பாராசிட்டமால் 250, புரோகுளோர்பெரசின் 2.5 சேர்ந்த மாத்திரையை நீங்கள் அறிவீர்கள். சீட்டில்லாமல் தரக்கூடாது, தரப்படுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அதே ஆள் தொண்டைவலிக்குக் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ போன்ற ஆன்டிபயாடிக் வாங்கினால், எர்கோட்டமைனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி முடங்கிவிடும். மருந்து ரத்தத்தில் ஏறி, கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். விரல் சில்லிட்டு, நீலம் பாரித்து, அழுகும் வரை போகலாம். கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் அந்த மாத்திரை அறவே ஆகாது.

“ஒற்றைத் தலைவலி” என்ற பெயரே பாதி குழப்பத்துக்குக் காரணம். பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். “அப்ப சைனஸாத்தான் இருக்கும்” என்று மூக்கடைப்பு மாத்திரை கேட்பார்கள். குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லையா, படியேறினால் வலி கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அது மைக்ரேனாக இருக்கலாம்.

மைக்ரேனுக்கு மாத்திரையை வலி தொடங்கும்போதே போட வேண்டும். நேரமானால் இரைப்பை மந்தமாகி, மாத்திரை குடலுக்கு இறங்கத் தாமதமாகும். சீப்பு பட்டாலே மண்டை எரிகிறது, கம்மலைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது என்ற கட்டத்தில், மூளைக்குள் வலி கடத்தும் நரம்புகளே கூருணர்வு அடைந்திருக்கும். டிரிப்டான்கூடச் சரியாக எடுபடாது. ‘சீக்கிரம் போடு’ என்பதை ‘அடிக்கடி போடு’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் சொல்லி மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் 2 முதல் 10 நாள் வரை வலி முன்னைவிடக் கூடும், வாந்தி வரும், தூக்கம் கெடும். அந்த நாட்களில்தான் அவர் உங்களிடம் திரும்ப வருவார். “இது நிறுத்துனதால வர்ற வலி, அடங்கிடும், டாக்டருக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்வதற்கு உங்களைவிட்டால் அங்கே ஆளில்லை. மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்தாக புரொப்ரானலால் சீட்டோடு வந்தால், வீசிங் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி வருபவரை அந்த வாரமே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி என்றால் எதையும் விற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
தலைவலி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் சிலர்